சோடாப் பாணின் மேல் ஒரு வெட்டு

சந்தையில் பலாப்பழம் விற்றவன் ஒரு பழத்தைப் புரட்டிப் போட்டு, விரலை மடக்கி அதன் அடியில் மூன்று முறை தட்டினான். டொக், டொக், டொக். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பழுத்திருச்சும்மா, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றான். என் கைப்பை நழுவியது. உருளைக்கிழங்குகள் சந்தைச் சேற்றில் திசைக்கொன்றாய் ஓடின. அவன்தான் பொறுக்கித் தந்தான்.

"என்னம்மா, பேயத் தட்டி எழுப்பிட்டேனா?"

பேயை இல்லை. ஒரு பாணை.

பிரெட்டை எங்கள் பக்கம் பாண் என்போம். ஆனால் பேக்கரியில் வாங்குகிற பாண் இல்லை அது. பொங்கிவரக் காத்திருக்க வேண்டாத பாண். கோதுமை மாவு, உப்பு, அப்பச்சோடா, புளித்த மோர், அவ்வளவுதான். சுட்டு எடுத்ததும் கவிழ்த்து அடியில் தட்ட வேண்டும். வெந்திருந்தால், ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டியது போலச் சத்தம் வரும். வேகாவிட்டால் சத்தமே வராது. ஈர மண்ணைத் தட்டியது போல விரல்தான் நோகும். நான் அதைச் சுட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் அந்தச் சத்தம் என் விரல் முட்டியிலேயே குடியிருக்கிறது, காலி செய்யச் சொன்னாலும் போகாமல்.

அறுபதுகளின் தொடக்கம். கொட்டகலைக்கு மேலே, ரயில் பாதையிலிருந்து ஒரு மணி நேரம் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். மலைக்கு முதுகைக் காட்டி நின்ற லயம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு காம்பரா. காம்பரா என்பது ஓர் அறை. அதற்குள்தான் அடுப்பும், படுக்கையும், சாமி படமும், சண்டையும். எங்களுக்கு மட்டும் இரண்டு காம்பரா. ஏனென்றால் எங்கள் வீட்டில் இரண்டு பேர் 'பேர் பதிந்திருந்தார்கள்': அம்மாவும் அக்காவும். அப்பா நான் தவழும்போதே காய்ச்சலில் போய்விட்டார். பேர் பதிவது என்றால் தோட்டத்துப் புத்தகத்தில் ஏறுவது. ஏறியவர்கள் இறங்குவது கல்யாணத்தாலோ சாவாலோதான். இறங்கிய பேருக்குப் பதில் இன்னொரு பேர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் இரண்டாவது காம்பராவின் சாவியைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். எங்கள் தோட்டத்தில் அப்படித்தான். யார் வைத்த சட்டம் என்று யாரும் கேட்டதில்லை. மழையை யார் வைத்தது என்று கேட்போமா?

அந்த இரண்டாவது காம்பராவில்தான் என் புத்தகங்கள் இருந்தன. நான் கொட்டகலைப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்திலிருந்து அத்தனை தூரம் போன முதல் பெண்பிள்ளை நான். எனக்குப் பதினைந்து வயது. இருப்புக் கொள்ளாத பிள்ளை. ரயில் கூவினால் மலையில் எங்கிருந்தாலும் நின்று, அது வளைவைத் தாண்டும்வரை பார்த்துவிட்டுத்தான் அடுத்த காலை வைப்பேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். இரண்டு வருடம் கொழுந்து எடுத்த பிறகு அவளைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குக் குசினி வேலைக்கு, சமையலுக்கு, எடுத்தார்கள். அங்கேதான் அந்தப் பாணைக் கண்டாள். ஆனி மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் ஹட்டனிலிருந்து பங்களாவுக்குப் பாண் வராது. அப்போது துரையின் மனைவி, துரைசாணி, தானே சமையலறைக்கு வந்து, கையைச் சுருட்டிக்கொண்டு, தன் ஊர்ப் பாணைச் சுடுவாளாம். அக்கா கிண்ணத்தைப் பிடித்துக்கொள்வாள்.

"அவங்க ஊரு அயலாந்தாம்" என்று சொன்னாள் அக்கா.

அயல் என்றால் பக்கம் அல்லவா? பக்கத்தில் எங்கோ இருக்கிற நாடு என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் இதே மழை, இதே பச்சை, இதே குளிராம். ஆனாலும் மழை நாளில் துரைசாணி சன்னலருகில் நின்று அழுவாளாம். பின் எதற்கு அழுகிறாள் என்று கேட்டேன்.

"ரோடு இல்லாமப் போச்சுல்ல. அடைஞ்சு கெடக்காங்கடி பாவம்."

"அவங்க ரோடு சரிஞ்சாத்தானக்கா அடைஞ்சு கெடப்பாங்க. நாம ரோடு நல்லா இருக்கப்பவும் அப்படித்தான கெடக்கோம்."

அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

துரைசாணிக்கு ஏங்குவதற்கு ஒரு நாடாவது இருந்தது. எங்கள் பிரஜாவுரிமை விண்ணப்பம் நுவரெலியாக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில், எந்தக் கட்டுக்கு அடியில் கிடந்ததோ தெரியாது. பள்ளிக்கூடப் படிவத்தில் எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்டிருந்த இடத்தில் வாத்தியார் பேனாவை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, கடைசியில் ஒரு சின்னக் கோடு போட்டார். எழுத ஒன்றுமில்லாத இடத்தில் போடுகிற கோடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அந்தப் பாணை வீட்டில் சுட ஆரம்பித்தாள். பங்களாவில் இரும்பு அடுப்பு. எங்களுக்கு ஓர் இரும்புச் சட்டி. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை, மிலாறு என்போம், நின்று எரியவிட்டுத் தணலாக்க வேண்டும். பாதித் தணல் சட்டிக்குக் கீழே, பாதி தகர மூடியின் மேலே. மாவைப் பிசையக் கூடாது. மோரை ஊற்றியதும் சோடா சீறிக்கொண்டு கண் விழிக்கும். அது மறுபடி உறங்குவதற்குள் உருட்டிச் சட்டியில் வைத்துவிட வேண்டும். வைத்ததும் கத்தியால் மேலே குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு. துரைசாணி தோட்டத்துத் தமிழில் சொல்வாளாம்: "வெட்டு போடு. வெட்டு இல்லே, நடு பச்சே." அக்கா அதை அதே மூக்குத் தொனியில் சொல்லிக் காட்டுவாள். வெந்து எடுத்ததும் கவிழ்த்துத் தட்டுவாள். அதற்கும் துரைசாணியிடம் ஒரு வேடிக்கை இருந்தது: பாணிடம் கேட்பாளாம், "வீட்லே யாரு?" என்று.

அது எங்கள் விளையாட்டாயிற்று. அக்கா தட்டி, "வீட்டுல யாரு?" என்பாள். சத்தம் நன்றாக வந்தால் நான், "யாரும் இல்ல" என்று சொல்ல வேண்டும். வேகாமல் மொத்தென்று இருந்தால், "ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று கத்த வேண்டும். மறுபடி தணலுக்குப் போகும்.

ஆனால் அந்த வெட்டு எங்களுக்கு ஒரு பேர் வாங்கித் தந்தது. பக்கத்துக் காம்பரா அத்தை ஒருநாள் எட்டிப் பார்த்தாள். வெந்து விரிந்த பாணின் மேல் பெரிய சிலுவை.

"என்னடி இது, பாணுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டீங்களா? எப்ப வேதத்துல சேந்தீங்க? சொல்லவே இல்ல!"

"நடுவுல வேகறதுக்கு அத்தை" என்றாள் அக்கா.

"நடுவுல ஏசு வேகறாரா?"

லயமே சிரித்தது. வேதக்காரர்கள் நாலு வீடு எங்கள் தோட்டத்திலும் இருந்தார்கள். அவர்களோடு யாருக்கும் பகையில்லை. ஆனால் பெண் கொடுக்கல் வாங்கல் என்றால் கதை வேறு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வயசுக்கு வந்த பொண்ண வச்சிருக்கேன். ஊருக்குள்ள சிலுவ வீடுன்னு பேராயிருச்சு" என்று இரண்டு நாள் முணுமுணுத்தாள்.

அந்த ஆனிக் கடைசியில் இறம்பொடையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளைக்குக் கண்டியில் கடையில் வேலை. கடை! தோட்டம் இல்லை. லயம் இல்லை. விடியற்காலைப் பெரட்டில் நின்று தன் பேரைக் கூப்பிடக் கேட்க வேண்டியதில்லை. அன்றைக்கு அக்கா தண்ணீர் எடுக்கப் போனவள் வெறும் குடத்தோடு திரும்பி வந்தாள். எதற்குப் போனோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

மாலையில் அம்மா அடுப்பின் முன் குந்தியிருந்து, என்னைப் பார்க்காமல், தணலைப் பார்த்துச் சொன்னாள்:

"அவ போயிட்டா நீ வேலைக்கு வரணும்டி. கணக்கப்பிள்ளை கேட்டுட்டாரு. இல்லேன்னா அந்தக் காம்பராவ எடுத்துருவாங்க. அப்புறம் எங்க படுக்கிறது?"

"எனக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு இருக்கும்மா."

"நான் இல்லேன்னா சொன்னேன்?"

அவ்வளவுதான் பேச்சு. அம்மாவோடு சண்டை போட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சொன்னதில் எங்கேயும் பிடித்து இழுக்க ஒரு நுனி இல்லை. நான் புத்தகத்தைத் திறந்தேன். எழுத்துகள் எல்லாம் தேயிலைச் செடி மாதிரி வரிசையாக நின்றன, இடுப்பளவு உயரத்தில், நகர வழி விடாமல்.

அவர்கள் வருவதற்கு முந்திய நாள் மண் சரிந்தது. பாலத்துக்குக் கீழே தோட்டத்து ரோடு அப்படியே பள்ளத்தாக்குக்குள் போய்விட்டது. கடைச் சாமான் லொறி வரவில்லை. ரவை இல்லை, பிஸ்கட் இல்லை, ஒரு சீப்பு வாழைப்பழம் கூட இல்லை. வீட்டில் இருந்தது கோதுமை மாவு மட்டும். தினமும் தின்கிற ரொட்டியைத் தட்டிச் சம்பந்தக்காரர்களுக்கு வைப்பதா என்று அம்மா கலங்கினாள். பிறகு அவளே சொன்னாள்: "பங்களாப் பாணச் சுட்டு வைப்போம்."

மாப்பிள்ளை வீட்டார் சரிவைச் சுற்றி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தே வருகிறார்கள் என்று ஆள் வந்து சொன்னபோது அக்கா பூ வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வெற்றிலைக்கு ஓடியிருந்தாள். அடுப்படியில் நான் மட்டும். அக்கா ஒரு கையில் மல்லிகைச் சரத்தைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"இந்தா, இன்னிக்கு மட்டும் வெட்டு போடாத. மாப்பிள்ளையோட அம்மா பாத்துட்டு எதையாவது நெனச்சுக்கும்."

"நடு வேகாதே?"

"நின்னு வேகட்டும். பச்சையா இருந்தாலும் பரவால்ல. சுத்தி ஓரத்த மட்டும் அறுத்து வைப்போம். வெட்டு வேணாம்."

தலையாட்டினேன்.

மோரை ஊற்றினேன். சோடா சீறியது. உருட்டிச் சட்டியில் வைத்தேன். மழுமழுவென்று, வெள்ளையாக, வாயில்லாத முகம் மாதிரி அது இருந்தது. கத்தி சுவரோரம் இருந்தது. மறந்துபோய்க் கை தானாக எடுத்தது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். இல்லை. நான் எழுந்தேன். சுவரோரம் போனேன். கத்தியைத் துடைத்தேன். எந்தப் பக்கம் கூர் என்று பார்த்தேன். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. வழக்கத்தைவிட ஆழமாக. மூடியைப் போட்டு, தணலை அள்ளி மேலே கொட்டிவிட்டு, மறைக்க ஒன்றுமில்லாமல் கதவைத் திறந்து வைத்திருப்பவளைப் போல உட்கார்ந்தேன்.

வந்தவர்கள் இரண்டே பேர், தாயும் மகனும். அந்தம்மாள் வாசலிலேயே காலைக் கழுவிக்கொண்டு, "எங்க வயசுல பொண்ணு பாக்க மாட்டு வண்டியில போனோம். இந்தப் பயலுக்காக மலையில உருண்டு வந்திருக்கேன். பொண்ணு நல்லா இல்லேன்னா இவனத் தள்ளி விட்டுட்டுப் போயிருவேன்" என்றாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் அந்த அம்மாளைப் பிடித்துப் போயிற்று, அதுதான் தொந்தரவு.

மாப்பிள்ளை குனிந்த தலை. கைகள் மட்டும் பெரியவை, முழங்கை வரைக்கும் மயிர் கருகி வழுவழுத்திருந்தது. கவனித்தேன்; எதற்கென்று யோசிக்கவில்லை.

அக்கா தேத்தண்ணி கொண்டு வந்தாள். அம்மா உள்ளே வந்து, சட்டி மூடியைத் திறந்தாள். திறந்தவள் என்னைப் பார்த்தாள். நான் தணலைக் கிளறினேன். வேறு வழியில்லை, வைக்க வேறொன்றும் இல்லை. தட்டில் வைத்து, மேலே ஒரு துணியை மூடி, எடுத்துப் போனாள். பாணை எப்படியாவது துணிக்குள்ளேயே அறுத்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. அந்தம்மாள் கையை நீட்டித் துணியை எடுத்துவிட்டாள்.

"என்னங்க இது, சிலுவ?"

"அது... பாணுங்க."

"பாணு தெரியுது. மேல சிலுவ போட்டிருக்கே. நீங்க வேதமா? எங்ககிட்ட யாரும் சொல்லலியே."

"ஐயோ, இல்லீங்க! நாங்க மாரியாத்தாவுக்குத் தீ மிதிக்கிற வம்சம்."

"நெத்தியில திருநூறு, பாணுல சிலுவ. எத நம்பட்டும் நானு?"

குரலில் வேடிக்கை போய்விட்டிருந்தது. தேத்தண்ணிக் கோப்பை கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. கூரையில் மழை. நான் இரண்டாவது காம்பராவுக்குள், சுவருக்கு இந்தப் பக்கம், என் புத்தகங்கள் இருந்த தகரப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ரோடு சரிந்தது போல, சத்தமில்லாமல், ஏதோ ஒன்று அந்தப் பக்கம் சரிந்துகொண்டிருந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது. சந்தோஷம்தான் அது. வேறு பெயர் வைக்க இப்போதும் எனக்கு மனம் வரவில்லை. சுவரின் ஓட்டை வழியாக அக்காவின் கால் தெரிந்தது. மருதாணி வைத்த கட்டை விரலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தாள், நகம் வெளுக்கும் அளவுக்கு.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக்.

மாப்பிள்ளை பாணை எடுத்து, கவிழ்த்து, அடியில் தட்டிக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வெந்திருக்கும்மா" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு. "சிலுவையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெட்டலேன்னா ஓரம் வெடிச்சு நடு மாவாவே நிக்கும். எங்க பேக்கரில நான்தான தெனம் வெட்டுறேன்."

"பேக்கரின்னு ஏன்டா சொல்ற? கடைன்னுதான சொல்லச் சொன்னேன்!"

"பேக்கரியும் கடதானம்மா."

"அடுப்புல வேகிற பயலுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு நான் மறைச்சு வச்சா, இவனே பாணத் தட்டிக் காமிச்சுக் குடுத்துட்டானே!" என்று அந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அந்தம்மாளுக்கும் தொற்றியது. இரண்டு பேருமாய், கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை பாணைப் பிட்டார். வெட்டின் வழியே அது நாலாகப் பிரிந்தது. நடு வரைக்கும் வெந்திருந்தது. இவ்வளவு நன்றாக அது என்றைக்கும் வெந்ததில்லை.

"யாரு சுட்டது?"

அம்மா ஒரு மூச்சு கூட எடுக்கவில்லை. "பெரியவதான்" என்றாள்.

அக்கா மறுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பினாள். நான் ஓட்டையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன்.

ஆவணியில் கல்யாணம். கல்யாணத்துக்கு முந்தின வாரமே என் பேரைப் பதிந்துவிட்டார்கள். பெரட்டில் கணக்கப்பிள்ளை என் பேரை இரண்டு முறை கூப்பிட்டார். முதல் முறை அது வேறு யாரோ என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிக்கொள்ளப் போகவில்லை. தகரப் பெட்டி அங்கேயே இருந்தது, காப்பாற்றப்பட்ட காம்பராவில்.

வெட்டைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆவணி வரைக்கும் ஒரே பாயில் படுத்தோம். கேட்பாள், கேட்பாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் அதோடு போயிருக்கும். அவள் மஞ்சள் அரைத்தாள். எனக்குத் தலை பின்னிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட அதன் பிறகு அந்தச் சட்டியை அடுப்பில் ஏற்றவில்லை.

கொட்டகலை ஸ்டேசனில் காலை ரயில். அம்மாவும் மாமியாரும் மூட்டைகளை எண்ணி எண்ணிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சான் பெட்டியை மேலே ஏற்றினார். அக்கா சன்னலோரம் உட்கார்ந்து, தன் மடியிலிருந்து ஒரு மடித்த துணியை எடுத்து என்னிடம் நீட்டினாள். கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து முதுகில் தொங்கவிடும் கயிற்றுக்கு அடியில் வைத்துக்கொள்ளும் துணி. இரண்டு வருடம் அவள் வைத்தது. நடுவில் கயிறு பட்ட இடம் மட்டும் தேய்ந்து, ஒரு கோடாய் வெளுத்திருந்தது.

"மொத மாசம் கழுத்து பிடிச்சுக்கும். நாலா மடிச்சு வச்சுக்க. ரெண்டா மடிச்சா கயிறு அறுக்கும்."

"சரிக்கா."

"படிச்சதெல்லாம் மறந்துறாத."

"சரி."

"வெட்டு நல்லா ஆழமாத்தான்டி போட்டிருந்த."

அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருக்கிறதா என்று தேடினேன். எதுவும் தட்டுப்படவில்லை. மன்னிப்பும் இல்லை. வெளியூருக்குப் போகிற ஒருத்தியின் முகம், அவ்வளவுதான். பச்சைக் கொடி அசைந்தது. வண்டி ஒரு முறை குலுங்கி, பின்னால் வந்து, பிறகு நகர ஆரம்பித்தது. அக்கா சன்னலுக்கு வெளியே கையைப் போட்டு, ரயிலின் மரப் பக்கத்தில் விரலை மடக்கி மூன்று முறை தட்டினாள்.

"வீட்டுல யாரு?" என்றாள்.

அவளோடு கூடவே ஓடினேன். சத்தம் நன்றாகத்தான் வந்தது; என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சிறு வயதிலிருந்தே தெரியும்.

"நான் இருக்கேன்க்கா" என்றேன்.